பிவா ஏரியை ஒரே நாள்ல சைக்கிள்ல சுத்தி வர்றது எப்படி: முழு வழிகாட்டி

ஜப்பான்ல ஷிகா மாகாணத்துல இருக்குற பிவா ஏரி தான் அந்த நாட்டுலயே பெரிய ஏரி. பரப்பளவு 670 சதுர கிலோமீட்டர் கிட்ட, அந்த மாகாணத்துல ஆறுல ஒரு பங்கு தண்ணி தான். இத சைக்கிள்ல ஒரு ரவுண்டு அடிக்கிறத பிவாஇச்சின்னு சொல்றாங்க, 2019ல இந்தப் பாதைக்கு தேசிய சைக்கிள் ரூட்டுன்னு அரசாங்க அங்கீகாரமும் கெடச்சுது. முழுசா சுத்துனா 200 கிலோமீட்டர் வரும். ஏரி தெக்குப் பக்கம் குறுகுற இடத்துல ஒரு பாலம் இருக்கு, பிவாகோ ஓஹாஷி, அதுல குறுக்க போய்ட்டா வடக்கு ஏரி மட்டும் சுமார் 150 கிலோமீட்டர். ஒரே நாள்னா இந்த 150 தான் சரி, தெக்குப் பக்கம் பூரா ஊரும் சிக்னலுமா தான் இருக்கும், அதுக்காக ஏங்க வேணாம்.

மொதல்ல ஒன்ன மண்டையில ஏத்திக்கோங்க. இந்த ரூட்ல பெருசா மலை கிடையாது, வடக்கு மூலையில ரெண்டு சின்ன ஏத்தம் தான். அதனால தான் ஈஸின்னு நெனச்சு வந்து நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. மலை ரோட்ல ஏறுனா அப்புறம் இறக்கம்னு ஒன்னு வரும், கால் சும்மா இருக்கும், சீட்ட விட்டு எந்திரிச்சுக்கலாம். சமதரையில அந்த சான்ஸே கெடையாது, எட்டு மணி நேரமும் மிதிச்சுட்டே இருக்கணும், ஒரே இடத்துல உக்காந்து, கைய ஒரே மாதிரி வெச்சுக்கிட்டு. கால் வலிக்கு முன்னாடி உக்கார்ற இடமும் உள்ளங்கையும் தான் கைவிடும். அதனால இந்த நாள ஜெயிக்கிறது தொடை பலத்துல இல்ல, கடிகாரத்துலயும் சாப்பாட்டுலயும் தான். கீழ சொல்ற எல்லாம் அத வெச்சு தான்.

எப்ப போறது

ஏப்ரல் நடுவுல இருந்து மே கடைசி வரைக்கும், அப்புறம் அக்டோபர், நவம்பர் ஆரம்பம். இது ரெண்டு தான் நல்ல சீசன். ஜூன்ல மழைக்காலம் ஆரம்பிச்சுடும், ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல வெயிலும் புழுக்கமும் சேந்து ஆள உருக்கிடும், சென்னை மே மாசத்த பாத்தவங்களுக்கே அந்தப் புழுக்கம் ஓவர் தான். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடக்குக் கரைப் பக்கமே போகாதீங்க, அங்க பனி கொட்டும். தெக்க வெயில் அடிச்சிட்டு இருக்கும், வடக்க போனா ரோடே வெள்ளையா கெடக்கும்.

நவம்பர் 3ஐ பிவாஇச்சி நாள்னே ஷிகாவுல வெச்சிருக்காங்க, ஆனா அந்த சமயத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சுடும். மே மாசம்னா ஏறக்குறைய ஏழு மணி வரைக்கும் வெளிச்சம். முதல் தடவை போறவங்களுக்கு நான் மே தான் சொல்லுவேன், மாச ஆரம்பத்துல வர்ற கோல்டன் வீக் தொடர் லீவு நாள விட்டுட்டு. அந்த வாரம் கரை ரோடு பூரா கார் தான்.

கணக்கு போட்டுக்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரின்னா ஏழரை மணி நேரம் ஓட்டுறது, நிக்குறது சாப்புடுறது போட்டோ எடுக்குறது எல்லாம் சேத்து ரெண்டரை, மொத்தம் பத்து மணி நேரம். 18ல ஓட்டுனா பதினொன்னு கிட்ட வந்துடும். உங்க வீட்டுப் பக்கம் ஆத்தங்கரை சைக்கிள் பாதையில ஒரு தடவையாச்சும் 80, 90 கிலோமீட்டர் ஒரே நாள்ல ஓட்டிப் பாருங்க, அப்ப வர்ற வேகத்துல இருந்து ரெண்ட கழிச்சுக்கோங்க. அது தான் உங்க நெஜ வேகம்.

சைக்கிள்: சொந்தமா, வாடகையா

வாடகைன்னா மைபாரா ஸ்டேஷன்லயே எடுக்கலாம், அங்க ஷின்கான்சென் (புல்லட் ட்ரெயின்) நிக்கும், டோக்கியோ, நகோயாவுல இருந்து வர்றவங்களுக்கு அது தான் வசதி. கிழக்குக் கரை மொரியாமாவுல ஜெயன்ட் கம்பெனி சைக்கிள் கடை இருக்கு, ரோடு பைக் கெடைக்கும். எங்க எடுத்தாலும் முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, உங்க உயரத்தையும் சொல்லிடுங்க. ஆனா வாடகைக் கடைங்க காலையில லேட்டா தான் திறக்கும், சாயங்காலம் மூடுற நேரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும், அதனால 150 ஒரே நாள்ல முடிக்கணும்னா முந்தின நாளே எடுத்துக்கிட்டு பக்கத்துல தங்குறது நல்லது. மம்மிங்க ஓட்டுற முன்கூடை வெச்ச சைக்கிள்ல வேணாம், சாமி சத்தியமா வேணாம்.

சொந்த சைக்கிள்னா கழட்டி ரின்கோ பேக்ல (ட்ரெயின்ல சைக்கிள் கொண்டு போறதுக்குன்னே இருக்குற பை) போட்டு ட்ரெயின்ல ஏத்தலாம், தனி டிக்கெட் வேணாம். ஆனா ரூல் கறார். சைக்கிள் முழுசா பைக்குள்ள இருக்கணும், சீட் முனை கூட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. பாலித்தீன் கவரு, தார்ப்பாய்லாம் சுத்திட்டு போனா கேட்லயே நிறுத்திடுவாங்க.

பேக் பண்றத வீட்லயே நாலு தடவை பழகிக்கோங்க. பின் கியர சின்ன பல்சக்கரத்துக்கு மாத்திட்டு, சைக்கிள தலைகீழா நிறுத்தி ரெண்டு சக்கரத்தையும் கழட்டுங்க. டிஸ்க் பிரேக்னா சக்கரம் கழட்டுன ஒடனே காலிப்பர் நடுவுல அந்த பிளாஸ்டிக் துண்ட சொருகிடுங்க. இத மறந்துட்டு வழியில தெரியாம பிரேக் லிவர ஒரு தடவை அமுக்கிட்டா பேட் ரெண்டும் ஒட்டிக்கும், ஸ்டேஷன் வாசல்ல ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பிட்டு இருக்கணும். ஃபிரேமுக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்த வெச்சு மூணு எடத்துல வார் போட்டு இறுக்குங்க, செயின் மேல பழைய துணி ஒன்னு. பழகுனா பதினஞ்சு நிமிஷம், பழகலன்னா முக்கா மணி நேரம், காலையில அந்த அரை மணி நேரம் ரொம்ப காஸ்ட்லி.

எங்க ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கமா சுத்துறது

கியோட்டோ, ஒசாகா பக்கம் இருக்குறவங்க ஏரியோட மேற்குக் கரையோரமா ஓடுற கோசெய் ரயில் லைன்ல முதல் ட்ரெயினப் பிடிச்சு கட்டாட்டா ஸ்டேஷன்ல எறங்குங்க. கியோட்டோவுல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள வந்துடும். அங்க இருந்து பாலம் பக்கம் தான்.

சுத்துறது எப்பவும் கடிகாரத்துக்கு எதிர் திசையில. ஜப்பான்ல நம்ம ஊரு மாதிரியே இடது பக்கம் தான் வண்டி ஓட்டணும், எதிர் திசையில சுத்துனா ஏரி எப்பவும் உங்க இடது கைப் பக்கம் இருக்கும். நடுவுல எதிர் லேன் கிடையாது, குறுக்குத் தெரு வந்து சேர்றது கம்மி, போட்டோ எடுக்க ரோட்ட கடக்கவும் வேணாம். ரோட்ல நீல கலர்ல அம்புக்குறி மாதிரி அடையாளம் போட்டிருக்காங்க, அதப் பாத்து போய்ட்டே இருக்கலாம். சில இடத்துல வேகமா ஓட்டுறவங்களுக்கு ரோட்டு மேல ஒன்னு, மெதுவா போறவங்களுக்கு ஓரப் பாதையில ஒன்னுன்னு ரெண்டு ரூட் பிரியும். வண்டி கூட்டம் ஜாஸ்தியா இருந்தா ஓரப் பாதையில போறது ஒன்னும் கேவலம் இல்ல.

சட்டம் பத்தி ரெண்டு வரி. ஷிகாவுல சைக்கிள் இன்சூரன்ஸ் கட்டாயம், வாடகை வண்டின்னா அதுல சேந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. 2024 நவம்பர்ல இருந்து ஓட்டிக்கிட்டே மொபைல கையில புடிச்சா தண்டனை கடுமை, லேசா குடிச்சிட்டு ஓட்டுனா கூட குற்றம், அதனால மதிய சாப்பாட்டோட ஒரு பீர்ங்கிற ஐடியாவ இங்கயே விட்டுடுங்க. ஹெல்மெட் போடலன்னா ஃபைன் இல்ல, ஆனா போடுங்க.

பையில என்ன

ட்யூப் ரெண்டு, டயர் லிவர், பஞ்சர் ஒட்டுற பேட்ச், சின்ன பம்ப், ஆலன் கீ செட். ட்யூப் கண்டிப்பா ரெண்டு, ஏன்னா ரோடு பைக்குக்கு வர்ற மெல்லிசு வால்வு ட்யூப் ஊர்ப்பக்க கடைங்கள்ல கெடைக்காது, அங்க இருக்குறது எல்லாம் கூடை சைக்கிளுக்கான வால்வு. முன்னாடி லைட், பின்னாடி செவப்பு லைட், பகல் தான்னு விட்டுடாதீங்க, வடக்குல டன்னல் வருது. மெல்லிசா ஒரு விண்ட் ஜாக்கெட். சில்லறைக் காசு.

பேட் வெச்ச ஷார்ட்ஸ் போடுங்க, உள்ள ஜட்டி போடக்கூடாது. சிரிக்காதீங்க, இது சீரியஸ். ஜட்டியோட தையல் தான் 70 கிலோமீட்டருக்கு மேல தோல உரிக்கும். தொடை இடுக்குல வாசலின் தடவிக்கோங்க.

டயர்ல காத்து கல்லு மாதிரி அடிக்க வேணாம். 28 மில்லிமீட்டர் டயருக்கு 70 கிலோ ஆளுன்னா அஞ்சு பார் சுத்து வட்டாரத்துல இருந்தா கை மரத்துப் போறது நல்லாவே கொறையும். வழியில சைக்கிள்காரங்களுக்குன்னே ஒதுக்குன உதவி இடங்கள் நெறைய இருக்கு, கடை, ஹோட்டல், ரோட்டோர ஓய்வு நிலையம்னு, அங்க பம்ப்பு, டூல்ஸ், டாய்லெட் எல்லாம் கெடைக்கும்.

சாப்பாடு, முக்கியமா சைவம்

மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போய்ட்டே இருக்கணும், அரை லிட்டர் தண்ணியும். கடையில விக்கிற ஒரு ஓனிகிரி சோத்து உருண்டையில 40 கிராம் கிட்ட இருக்கும், ஆக மணிக்கு ஒன்னு. பசிச்சதுக்கு அப்புறம் சாப்ட்டா டூ லேட், அரை மணிக்கு ஒரு தடவ போன்ல அலாரம் வெச்சு ரெண்டு வாய் கடிச்சுக்கோங்க.

சைவம்னா ஊமேபோஷி (புளிப்பு பிளம் ஊறுகாய்) உருண்டை, கொம்பு (கடல்பாசி) உருண்டைன்னு எடுப்பாங்க நம்மாளுங்க, ஆனா மசாலாவுல மீன் சாறு கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, கவர்ல போட்டிருக்குறத படிச்சுக்கோங்க. சிம்பிளா உப்பு உருண்டை, வாழைப்பழம், ரெட் பீன் பன்னு, சோயா பால். என்னோட சாய்ஸ் வீட்டுப் புளியோதரை தான். ராத்திரியே நல்லெண்ணெய் கொஞ்சம் தூக்கலா விட்டு கெளறி, ஜப்பான் அரிசி தானே, ஒட்டும், அப்படியே உருண்டை புடிச்சு பிளாஸ்டிக் ராப்ல சுத்தி முதுகுப் பாக்கெட்ல போட்டா சாயங்காலம் வரைக்கும் கெடாது. உப்பு, புளிப்பு, மாவுச்சத்து எல்லாம் ஒன்னுலயே. வேர்க்கடலை மட்டும் போடாதீங்க, மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது தொண்டையில மாட்டும்.

அசைவம்னா கவலையே இல்ல, நாகாஹாமாவுல கானாங்கெளுத்தி மீனோட வர்ற சோமேன் நூடுல்ஸ் ஊர் ஸ்பெஷல். ஃபுனாசூஷின்னு அந்த ஏரியோட கெண்டைய சோத்துல போட்டு மாசக்கணக்கா புளிக்க வெச்சது ஒன்னு இருக்கு. அத வேற நாளைக்கு ட்ரை பண்ணுங்க, 150 கிலோமீட்டர் நடுவுல வயித்த சோதிக்க வேணாம்.

ஓட்டம்: கிழக்குக் கரை, முதல் 65 கிலோமீட்டர்

ஆறரைக்கு கட்டாட்டாவ விட்டு கெளம்புனா பாலம். சைக்கிளுக்கு தனிப் பாதை இருக்கு, டோல் கிடையாது, படகுங்க கீழ போகணும்னு பாலத்தோட நடுப்பகுதிய தூக்கி கட்டியிருக்காங்க, இன்னிக்கு வர்ற முதல் ஏத்தம் அது தான். உச்சியில நின்னா இடது பக்கம் வடக்கு ஏரி கடல் மாதிரி விரிஞ்சு கெடக்கும், எதிர்க்கரை தெரியாது.

பாலம் எறங்கி இடது பக்கம் திரும்புனா மொரியாமா, அப்புறம் ஓமிஹாச்சிமான் வரைக்கும் தட்டையான கரை ரோடு. இங்க தான் சோதனை. கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும், காத்து இருக்காது, ஸ்பீடு தானா 27, 28 காட்டும். கொறைங்க. பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், மூச்சு வாங்குனா அது உங்க வேகம் இல்ல. மத்தவங்க முந்திட்டு போகட்டும், அதுல பாதி பேர மத்தியானம் மேற்குக் கரை இமாசு பக்கம் திரும்பப் பாப்பீங்க.

ச்சோமேஜி கோயில் பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற மலையோரத்துல ஏத்தமும் வளைவும் வரும். கோயிலுக்கு 808 படி, பாத்துட்டு கும்பிட்டுட்டு போங்க, ஏறிடாதீங்க. தண்ணிக்கு நடுவுல தெரியற ஒகிஷிமா தீவுல ஜனங்க குடியிருக்காங்க, ஜப்பான்ல ஏரிக்குள்ள ஊர் இருக்குற தீவு அது ஒன்னு தான்.

ஹிகோனே 45ல இருந்து 50க்குள்ள வரும். ஒன்பது மணி வாக்குல அங்க இருக்கணும். கோட்டை கரையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, தேசியப் பொக்கிஷம்னு அறிவிச்ச அஞ்சு கோட்டைக் கோபுரங்கள்ல ஒன்னு. பாக்க ஆசையா தான் இருக்கும், ஆனா உள்ள போனா ஒரு மணி நேரம் காலி, இன்னிக்கு வேணாம். மைபாரா தாண்டி நாகாஹாமா, 60ஐ தாண்டியிருக்கும். இங்க நல்லா நில்லுங்க. அரை மணி நேரம், உக்காந்து சாப்புடுங்க, பாட்டில் ரெண்டையும் ரொப்பிக்கோங்க, சன்ஸ்க்ரீன் திரும்ப தடவுங்க.

அப்படியே ஒரு முடிவும் எடுங்க. மணி பதினொன்னரை ஆச்சா? முட்டி வலிக்குதா? வடக்கு வானம் கறுப்பா இருக்கா? இதுல ஒன்னுக்கு ஆமான்னு பதில் வந்தாலும் இங்கயே ட்ரெயின் ஏறிடுங்க, ஸ்டேஷன் கரைப் பக்கமே தான். இதுக்கு மேல வடக்க போனா கடை கொறஞ்சுடும், ட்ரெயினும் மணிக்கு ஒன்னு கணக்குல தான். ஓமி ஷியோட்சு, நாகாஹாரா மாதிரி ஸ்டேஷன்ல காத்துக் கெடக்குறத விட இங்க நிறுத்துறது மேல்.

வடக்கு: 65ல இருந்து 110

என்னக் கேட்டா மொத்த நாளும் இந்த 45 கிலோமீட்டருக்காகத் தான். சுமார் 75ல கோஹோக்கு மிசுதோரி ஓய்வு நிலையம், டாய்லெட், சாப்பாடு எல்லாம் உண்டு. குளிர்காலம்னா இந்தக் கரையில சைபீரியாவுல இருந்து வர்ற அன்னப்பறவைங்க எறங்கியிருக்கும். பக்கத்துல கினோமோட்டோ ஊர்ல முள்ளங்கி ஊறுகாய நறுக்கி மயோனைஸ் போட்டு ஒரு பன்னு விக்கிறாங்க, சாலட் பான்னு பேரு, கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் உப்பும் மாவும் சேந்து அந்த நேரத்துக்கு அமிர்தமா எறங்கும். ஆனா ரூட்ட விட்டு கொஞ்சம் உள்ள போகணும்.

அப்புறம் ஷிசுகாத்தாக்கே ஏத்தம். 1583ல ஹிதேயோஷிங்கிற தளபதி தன்னோட எதிரி ஷிபாத்தாவ தோக்கடிச்சு, நாட்டையே கையில எடுக்க வழி போட்டுக்கிட்ட போர் நடந்த மலை. நெடுஞ்சாலையோட புது டன்னல்ல லாரி இரைச்சல், அதுல போகாம பழைய டன்னலுக்கு ஏறுங்க. சின்ன கியருக்கு மொதல்லயே மாத்திடுங்க, ஏத்தத்துல பாதி வந்துட்டு மாத்துனா செயின் கழண்டுக்கும். டன்னலுக்குள்ள லைட் போட்டுக்கோங்க, ஈரமா இருக்கும், நடுவுல பிரேக்க கப்புன்னு புடிக்காதீங்க. அந்தப் பக்கம் வெளிய வந்ததும் காலுக்குக் கீழ ஏரி. காலையில பாத்த ஏரி மாதிரியே இருக்காது, மலைங்க நடுவுல மடங்கி மடங்கி கரும்பச்சையா கெடக்கும், கரையில வீடே அவ்வளவா இருக்காது.

எறங்கி ஷியோட்சு, இன்னொரு ஏத்தம், இன்னொரு டன்னல், அப்புறம் கைசு ஓசாக்கி. தண்ணிக்கும் பாறைக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் ஒடுங்கலான ரோடு, 800 செர்ரி மரம் வரிசையா, கிளைங்க தண்ணி மேல சாஞ்சிருக்கும். நடுநடுவுல பாறையக் கொடஞ்ச குட்டி டன்னல்ங்க. பூக்குறது ஏப்ரல் நடு வாக்குல. ஆனா அந்த வாரக் கடைசியில மட்டும் வராதீங்க, கார் நகராது, சைக்கிளும் நகராது. பூ உதிர்ந்து இளம் எலை விட்ட மே மாசத்துல ரோடு பூரா நெழல், ஆளே இருக்க மாட்டாங்க.

இங்க 100ஐ தாண்டியிருப்பீங்க. பசி இல்லன்னாலும் ஒரு உருண்டை. இந்த எடத்துல தான் தலை கொஞ்சம் மந்தமாகும், எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வரும், கூட வந்தவன் மேல காரணமே இல்லாம கோவம் வரும். அது மூடு இல்ல, சக்கரை எறங்குது. சாப்ட்டா கால் மணியில சரியாய்டும்.

மேற்குக் கரை: காத்தும் லாரியும்

மாகினோ, இமாசு, அடோகாவா வரைக்கும் திரும்ப சமதரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எறங்கி ரெண்டு நிமிஷம் நடங்க, கைய ஹேண்டில்பார்ல மேல, கீழ, ஓரம்னு மாத்திட்டே இருங்க.

மேற்குப் பக்கம் பூரா ஹிரா மலைத்தொடர் சுவரு மாதிரி நிக்கும். அதுல இருந்து ஏரிய நோக்கி சரிஞ்சு வர்ற காத்துக்கு ஹிரா ஒரோஷின்னு பேரு, கோசெய் லைன் ட்ரெயினையே அடிக்கடி நிறுத்தி வெக்கிற காத்து. குறிப்பா மார்ச் கடைசி மோசம். இது எதிர்ல வராது, வலது பக்கத்துல இருந்து திடீர்னு தள்ளும், அதனால ரோட்டோர வெள்ளைக்கோட்ட ஒட்டி ஓட்டாம கொஞ்சம் எடம் விட்டு ஓட்டுங்க. முந்தின நாள் வானிலையில கோசெய் லைன் காத்துனால லேட் ஆகலாம்னு அறிவிப்பு வந்தா பயணத்தையே தள்ளிப் போடுங்க. அன்னிக்கு தப்பிக்க ட்ரெயினும் இருக்காது.

130 தாண்டி ஷிராஹிகே கோயில். தண்ணிக்குள்ள செவப்பு தோரணவாசல் நிக்குமே, போட்டோல பாத்திருப்பீங்க. அழகு தான், ஆனா இந்த ரூட்லயே ஆபத்தான எடமும் இது தான். 161ஆம் நம்பர் நெடுஞ்சாலை கோயிலுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஓடுது, ஓரம் குறுகல், லாரி ஜாஸ்தி, கோயிலுக்கு குறுக்க ஓடிக் கடக்காதீங்கன்னு போர்டே வெச்சிருக்காங்க. நாம ஏரிப் பக்கம் தான் வர்றோம், அதனால கடக்க வேண்டிய அவசியமே இல்ல. வாசல பாத்துக்கிட்டே ஓட்டாதீங்க, கண்ணு எங்க போகுதோ சைக்கிளும் அங்க போகும். நிக்கணும்னா ரோட்ட விட்டு முழுசா எறங்கி நில்லுங்க. பின் லைட் எரியுதான்னு இங்க ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க.

ஓமி மைக்கோ வந்துட்டா பைன் மரத்தோப்பு, வெள்ளை மணல், நல்ல தண்ணி கடற்கரை மாதிரி இருக்கும். ஷூவக் கழட்டி பத்து நிமிஷம் கால தண்ணிக்குள்ள விடுங்க. அதுக்கு மேல வேணாம், ஒடம்பு ஆறிடுச்சுன்னா கெண்டைக்கால் புடிச்சுக்கும். மிச்சம் 15 சொச்சம் தான், நடுவுல கோசெய் லைன் ஸ்டேஷன்ங்க நெருக்கமா வந்துட்டே இருக்கும், முடியலன்னா எதுலயும் ஏறிக்கலாம்.

கட்டாட்டாவுக்கு அஞ்சு மணி வாக்குல வந்துடலாம். ஒடனே பேக் பண்ண ஆரம்பிக்காதீங்க, மொதல்ல சோயா பாலோ சாக்லேட் பாலோ ஒன்னு குடிச்சு, ஈர சட்டைய மாத்திட்டு அப்புறம் சக்கரத்தக் கழட்டுங்க. கியோட்டோ பக்கம் அடுத்த ஸ்டேஷனே ஓகோத்தோ ஒன்சென், வெந்நீர் ஊத்துக் குளியலுக்கு பேர் போன ஊர், டவல மட்டும் கையில வெச்சிருந்தா எறங்கி ஒரு முக்கு போட்டுட்டு போகலாம். ட்ரெயின்ல கடைசிப் பெட்டியோட கடைசி மூலையில பைய சாய்ச்சு வெச்சு வாரால கம்பியில கட்டிடுங்க, ஏன்னா நீங்க உக்காந்த ரெண்டாவது நிமிஷம் தூங்கிடுவீங்க.

தெக்கு ஏரி மிச்சம் 50 பாக்கி இருக்கேன்னு தோணுறவங்க அத தனியா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, மொரியாமாவுல இருந்து செத்தாவோட பழைய கராஹாஷி பாலம், ஓட்சு கரைன்னு சுத்திக்கோங்க. மதிய சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.